தவிலுக்குத் தாங்கும் பெட்டி

ஹோம் தியேட்டர் விற்கிற கடைக்குள் போனால் முதலில் ஒரு ஹெலிகாப்டர் நம் தலைக்கு மேல் சுற்றும். பிறகு ஒரு கார் வெடிக்கும். சப்-ஊஃபர் உறுமுகிற உறுமலில் வாங்க வந்தவரின் சட்டை படபடக்கும். அவரும் திருப்தியாகத் தலையாட்டிவிட்டுப் பணத்தை எடுப்பார். எனக்கு இந்த முறையில் நம்பிக்கையே இல்லை. கார் வெடித்ததை நாம் யாரும் பக்கத்தில் நின்று கேட்டதில்லை. கேட்டே இராத சத்தம் உள்ளபடி வருகிறதா, கூட்டியோ குறைத்தோ வருகிறதா என்று எதை வைத்துச் சொல்வது?

நாதஸ்வரம் அப்படியில்லை. திருநெல்வேலிப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு அது பத்தடி தள்ளி நின்று கேட்ட சத்தம். கல்யாண வீட்டில் கெட்டிமேளம் கொட்டும்போது தவில்காரர் பக்கத்தில் நின்ற எவருக்கும், வலந்தலையில் விரல்கூடு விழுந்தால் காதில் எப்படிச் சுளீரென்று படும், தொப்பியில் கழி விழுந்தால் நெஞ்சில் எங்கே தட்டும் என்பதெல்லாம் மனப்பாடம். கோயில் கொடைகளில் விடிய விடிய வில்லுப்பாட்டுக் கேட்ட காதுக்குக் குடத்தின் சத்தமும் வில்லில் கட்டிய மணிகளின் சத்தமும் அதே மாதிரி. ஒரு ரிசீவர் நல்லதா என்று பார்க்க இந்த ஊர்க்காரனுக்கு இவற்றைவிடத் தோதான உரைகல் கிடையாது. அப்படி உரைத்துப் பார்த்த இரண்டு பெட்டிகளைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒன்று யமஹா ஆர்எக்ஸ்-வி385. இன்னொன்று சோனி எஸ்டிஆர்-டிஹெச்590. இரண்டுமே 2018-ல் வந்தவை. முப்பதாயிரம் ரூபாயை ஒட்டிய விலையில் நடுத்தரக் குடும்பங்களின் கூடத்துக்குள் நுழைந்தவை. இரண்டிலும் ஐந்து ஸ்பீக்கர்களை ஓட்டலாம். சப்-ஊஃபருக்கு யமஹாவில் ஒரு வழி, சோனியில் இரண்டு. நான்கு ஹெச்டிஎம்ஐ நுழைவாய்கள், டி.வி.க்குப் போக ஒன்று. புளூடூத் உண்டு, வைஃபை கிடையாது. டால்பி அட்மாஸ் இரண்டிலும் கிடையாது. கூரையிலிருந்து சத்தம் வர வேண்டும் என்பவர்கள் வேறு பெட்டி பார்க்க வேண்டியதுதான். எட்டடி உயரக் கூரையுள்ள வீடுகளில் அது பெரிய இழப்பு இல்லை என்பது என் எண்ணம்.

வாட்ஸ் கணக்கை முதலில் பேசித் தீர்த்துவிடலாம். ஏனென்றால் கடையில் முதல் கேள்வியே அதுதான். சோனி பெட்டியின் அட்டையில் 145 வாட்ஸ் என்ற எண் பெரிதாகத் தெரியும். யமஹா 70 வாட்ஸ் என்று அடக்கமாகச் சொல்லும். பார்த்தவுடன் சோனி இரண்டு மடங்கு பலசாலி என்று தோன்றும். ஆனால் சோனியின் 145 என்பது ஒரே சுருதியில், 1,000 ஹெர்ட்ஸில், 0.9 சதவீதப் பிசிறை அனுமதித்து அளந்தது. யமஹாவின் 70, இரண்டு ஸ்பீக்கர்களைச் சேர்த்து ஓட்டி, 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை முழு வீச்சிலும் 0.09 சதவீதப் பிசிறுக்குள் அளந்தது. இதே கண்டிப்போடு அளந்தால் சோனியின் எண் 90. ஆக, உண்மையான போட்டி 70-க்கும் 90-க்கும் இடையில்தான். காதுக்கு அது எவ்வளவு வித்தியாசம்? சுமார் 1 டெசிபல். பக்கத்தில் உட்கார்ந்து கவனமாகக் கேட்டால் மட்டுமே பிடிபடுகிற அளவு. சத்தம் இரண்டு மடங்காகக் கேட்க வேண்டுமானால் வாட்ஸ் பத்து மடங்காக வேண்டும்.

நாம் வீட்டில் சாதாரணமாகப் பாட்டுக் கேட்கும்போது ஸ்பீக்கருக்குப் போவது பெரும்பாலும் 1 வாட்டைச் சுற்றித்தான். அப்படியானால் மிச்ச வாட்ஸ் எதற்கு? தவிலுக்கு. நாதஸ்வரம் நிதானமாகப் போய்க்கொண்டிருக்கும்போது சட்டென்று விழும் ஒரு தவிலடி, அதுவரை இருந்த சராசரிச் சத்தத்தைவிட 15, 20 டெசிபல் எகிறும். 20 டெசிபல் என்றால் நூறு மடங்கு சக்தி. 1 வாட்டில் சாவகாசமாக ஓடிய பெட்டி அந்தக் கணத்தில் அதன் கையிருப்பு முழுவதையும் கொடுத்தாக வேண்டும். கொடுக்க முடியாத பெட்டியில் அடி மழுங்கிவிடும், சுளீர் என்பது சளீர் ஆகிவிடும். வெடிகுண்டுக் காட்சியில் இந்த மழுங்கல் தெரியாது. தவிலில் உடனே தெரிந்துவிடும்.

பாளையங்கோட்டை நண்பர் ஒருவரிடம் சோனி இருந்தது, என் வீட்டில் யமஹா. இரண்டையும் டவுனில் என் வீட்டுப் பட்டாசலில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரே ஸ்பீக்கர், ஒரே வயர், ஒரே பாட்டு என்று மாற்றி மாற்றிக் கேட்டோம். இப்படிக் கேட்கும்போது ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருக்க வேண்டும். இரண்டின் சத்த அளவையும் சமமாக்கிக்கொள்ள வேண்டும். ஒன்று அரை டெசிபல் கூடுதலாக ஒலித்தாலும் காது அதையே நல்லது என்று சொல்லிவிடும். கடைக்காரர்கள் விற்க நினைக்கிற பெட்டியை ஒரு பொட்டுக் கூடுதலாக வைப்பது பழைய வித்தை. செல்போனில் இருக்கிற சத்தமானியே இந்தச் சமன்படுத்தலுக்குப் போதும்.

முதலில் காருகுறிச்சி அருணாசலம். 1921-ல் பிறந்து 1964-ல், நாற்பத்து மூன்று வயதுக்குள் போய்விட்ட மேதை. சேரன்மகாதேவிக்கு மேற்கே தாமிரபரணிப் பாசனத்தில் செழித்த காருகுறிச்சியின் பெயரை நாடெங்கும் கொண்டுபோனவர். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் சீடர். குருவின் வாசிப்பில் கம்பீரம் முன்னே நிற்கும், இவருடையதில் குழைவு முன்னே நிற்கும். பதிவுகள் எல்லாம் மோனோ. மேலே இரைச்சல் இருக்கும், கீழே பாஸ் என்று சொல்ல ஒன்றும் இருக்காது. இருப்பதெல்லாம் நடுவில்தான். அந்த நடுப்பகுதியை ஒரு பெட்டி எப்படிக் கையாள்கிறது என்பதற்கு இந்தப் பதிவுகளே பெரிய சோதனை.

ராக ஆலாபனை ஒன்றைப் போட்டோம். சோனியில் நாதஸ்வரம் ஓரடி முன்னால் வந்து நின்றது. ஒளி கூடின மாதிரி ஒரு துலக்கம். துத்துக்காரம் ஒவ்வொன்றும் தனித்தனியாக எண்ணலாம் போலத் தெரிந்தது. முதல் ஐந்து நிமிடம் இதுதான் ஜெயிக்கும் என்றே நினைத்தேன். தாரஸ்தாயியில் அவர் நின்று விளையாட ஆரம்பித்ததும் அந்தத் துலக்கமே காதில் குத்தத் தொடங்கியது. நாதஸ்வரத்துக்கு இயல்பிலேயே மேல்சுரங்கள் அதிகம். சீவாளி வாத்தியம் அப்படித்தான் ஒலிக்கும். அதற்கு மேலும் மெருகு ஏற்றினால் அந்தக் குழைவு போய்விடும். யமஹாவில் அதே இடம் வந்தபோது கூர்மை இருந்தது, குத்தல் இல்லை. இன்னொன்றையும் கவனித்தேன். ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு அவர் இழுத்துக்கொண்டு போகிற வழியில், நடுவே மூச்சின் அழுத்தம் மெல்லத் தணிந்து ஏறுகிற இடம் யமஹாவில் முழுதாகக் கேட்டது. சோனியில் இரண்டு கரைகளும் பளிச்சென்று இருந்தன, நடுவில் ஓடும் தண்ணீர் கொஞ்சம் மங்கல்.

தவிலில் நிலைமை மாறியது. சொற்கட்டு வேகமெடுக்கும் தனி ஆவர்த்தனத்தில் சோனி அசைந்து கொடுக்கவே இல்லை. தொப்பியும் வலந்தலையும் சேர்ந்து விழும் அடிகளில் அந்தக் கூடுதல் 1 டெசிபல் கையிருப்பு வேலை செய்கிறதோ என்னவோ, அடி அடியாக இறங்கியது. யமஹாவும் மழுங்கவில்லை. ஆனால் சத்தத்தை மண்டபத்து அளவுக்கு ஏற்றினால் அது கொஞ்சம் இறுகுவது தெரிகிறது. வீட்டில் யாரும் அந்த அளவுக்கு ஏற்றப் போவதில்லை என்றாலும், தெரிந்ததைச் சொல்ல வேண்டும்.

கொஞ்சும் சலங்கை (1962) படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு காருகுறிச்சியார் வாசித்த ஆபேரிப் பாட்டைத் தமிழ்நாட்டில் கேட்காதவர் இருக்க முடியாது. எஸ்.எம். சுப்பையா நாயுடுவின் இசை. குரலும் குழலும் ஒன்றையொன்று துரத்துகிற இடத்தில், மோனோவாக இருந்தும் இரண்டும் ஒட்டிக்கொள்ளாமல் பிரிந்து கேட்க வேண்டும். இதில் யமஹாவுக்கே என் ஓட்டு. ஜானகியின் குரலுக்கு ஒரு சதைப்பற்று கிடைக்கிறது. நாதஸ்வரம் அதன் மேல் படியாமல் பக்கத்தில் நிற்கிறது.

அடுத்து வில்லுப்பாட்டு. சத்திரம் புதுக்குளத்தில் பிறந்த சுப்பு ஆறுமுகம் (1928–2022) இந்தக் கலையை மேடைக்கும் வானொலிக்கும் கொண்டுபோய், 2021-க்கான பத்மஸ்ரீயும் பெற்றார். ஆனால் ரிசீவரைச் சோதிக்க நான் எடுத்துக்கொண்டது, கிராமத்துக் கொடை ஒன்றில் மைக்செட்டிலிருந்து நேராகப் பதிவுசெய்த பாட்டு. வில்லுப்பாட்டில் ஒலியின் மூன்று தளமும் ஒரே நேரத்தில் இருக்கிறது. வீசுகோல் படும்போது குலுங்குகிற மணிகள் மேலே. அண்ணாவியின் குரலும் உடுக்கையும் நடுவில். குடத்தின் வாயில் மட்டை விழும்போது உள்ளிருந்து புறப்படுகிற காற்றின் சத்தம் கீழே. ஸ்பீக்கர் கம்பெனிக்காரர்கள் சோதனைக்கென்று செய்கிற தட்டுகளில்கூட இப்படி ஒரு கூட்டணி அமைவதில்லை.

அன்றைக்குக் குடம் வாசிக்கிற பெரியவர் ஒருவரும் வந்திருந்தார். எந்தப் பெட்டி ஓடுகிறது என்று அவரிடம் சொல்லவில்லை. முதலில் சோனி ஓடியது. கண்ணை மூடிக் கேட்டார். தொடையில் தாளம் போட்டார். "நல்லாத்தான் இருக்கு, தம்பி. அடி சுத்தமா விழுது" என்றார். யமஹாவுக்கு மாற்றினோம். கொஞ்ச நேரம் தாளம் போடாமல் இருந்தார். "இதுல குடம் தெரியுதுல்லா" என்றார். "எப்படி, அண்ணாச்சி?" என்று கேட்டேன். "மட்டை எடுத்த பொறவு உள்ள ஒரு சுழி இருக்கும்லா, அது அடங்குத வரைக்கும் கேக்கு. மொதல்ல போட்டதுல அடுத்த அடி வந்து அத அமுக்கிருது."

அவர் சொன்னது மிகத் துல்லியமான கணிப்பு. ஒரு சத்தம் தொடங்குவதைக் காட்டுவது எல்லாப் பெட்டிக்கும் எளிது. அது அடங்குவதைக் காட்டுவதுதான் கஷ்டம். குடத்துக்குள் சுழலும் காற்று மெலிந்துகொண்டே போய் முடியும் இடத்தில்தான், அது மண்குடமா, பெரியதா சிறியதா, எவ்வளவு தடிப்பு என்பதெல்லாம் இருக்கிறது. இதைக் கேட்ட பிறகு மறுபடி நாதஸ்வரத்துக்குப் போனபோது, மூச்சு தணியும் இடம் யமஹாவில் ஏன் நன்றாக வந்தது என்பதும் புரிந்தது. இரண்டும் ஒரே குணந்தான்.

இவ்வளவும் பேசிவிட்டு அறையைப் பற்றிப் பேசாமல் விட்டால் பாதிதான் சொன்னதாகும். நம் வீடுகள் சத்தத்துக்குக் கடுமையானவை. மொசைக் தரை, சிமென்ட் பூசிய சுவர், கம்பளம் கிடையாது, திரைச்சீலையும் மெல்லிசு. மேல்சத்தம் எல்லாச் சுவரிலும் பட்டுத் திரும்பி வரும். அடிச்சத்தத்துக்கு வேறு பிரச்சினை. பதினோரு அடி அகலமுள்ள அறையில் 50 ஹெர்ட்ஸை ஒட்டிய அதிர்வு இரண்டு சுவர்களுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு வீங்கும். சப்-ஊஃபர் அந்தச் சுருதியைத் தொட்டதும் அலமாரியில் இருக்கிற எவர்சில்வர் தட்டுகள் கூடவே பாட ஆரம்பித்துவிடும். நெல்லையப்பர் கோயில் மணி மண்டபத்தில், ஒரே கல்லில் குடைந்து பெரிய தூணைச் சுற்றி நிறுத்திய 48 சிறு தூண்களில் ஒன்றைத் தட்டினால் பக்கத்துத் தூணும் அதிரும். அங்கே சிற்பி வேண்டுமென்றே செய்து வைத்த அதிசயம் அது. நம் வீட்டு அலமாரியில் நடப்பதும் அதே ஒத்ததிர்வு, ஆனால் யாரும் கேட்காமல் வந்து நிற்பது.

இரண்டு பெட்டிகளோடும் ஒரு மைக் வருகிறது. அதை நாம் உட்காருகிற இடத்தில் காதின் உயரத்தில் வைத்தால், பெட்டி ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் ஒரு சோதனைச் சத்தத்தை எழுப்பி, தூரத்தையும் அளவையும் கணக்குப் போட்டு, அறைக்குத் தக்கபடி சத்தத்தைத் திருத்திக்கொள்ளும். யமஹா இதை ஒய்பாவோ என்கிறது, சோனி டிசிஏசி என்கிறது. சோனியின் திருத்தம் என் பட்டாசலில் மேல்சத்தத்தை இன்னும் தூக்கிவிட்டது. அணைத்துவிட்டுக் கேட்டபோதுதான் அந்தப் பெட்டியின் நல்ல குணம் வெளியே வந்தது. யமஹாவின் திருத்தம் அவ்வளவு துணிச்சலாக எதையும் செய்வதில்லை, குரல்களைக் கொஞ்சம் நேராக்குகிறது. வீங்குகிற அடிச்சத்தத்துக்கு மைக்கை நம்பிப் பயனில்லை. சப்-ஊஃபரை மூலையிலிருந்து இரண்டடி நகர்த்திப் பார்ப்பதுதான் வைத்தியம். தரைக்குப் பத்தமடைப் பாய் விரித்தால் அழகு, ஆனால் சத்தத்தை உறிஞ்சுகிற கனம் அதற்கு இல்லை. பட்டு மாதிரி மடிக்கிற மெல்லிசுப் பாய் அது. தடித்த ஜமுக்காளத்தை இரண்டாக மடித்து ஸ்பீக்கருக்கும் நமக்கும் நடுவில் போட்டால், சோனியின் குத்தல் கண்கூடாகக் குறைகிறது.

சினிமாவுக்கு வருவோம். ஹோம் தியேட்டர் என்று பெயர் வைத்துக்கொண்டு சினிமா பார்க்காமல் இருக்க முடியுமா? தமிழில் குருதிப்புனல் (1995) டால்பி ஸ்டீரியோ ஒலியோடு வந்தபோது, தியேட்டரில் பின்னாலிருந்து வந்த சத்தத்துக்கு ஆட்கள் திரும்பிப் பார்த்த காலம் ஒன்று இருந்தது. இன்றைக்கு அதே சங்கதி செல்போன் சந்தாவோடு வீட்டுக்கு வந்துவிடுகிறது.

பாபநாசம் (2015) படத்தை நான் போடுவது வசனத்துக்காக. ஜெயமோகன் எழுதிய வசனம், முழுக்க நெல்லைப் பேச்சு. வெளியூர்க்காரர்களுக்கு இந்தப் பேச்சில் சொல்லின் கடைசி அசை தேய்ந்து போவது சிரமமாக இருக்கும். நமக்கு அந்தத் தேய்மானம் அப்படியே வர வேண்டும். சென்டர் ஸ்பீக்கரைப் பெட்டி எவ்வளவு அக்கறையாக ஓட்டுகிறது என்பது இங்கே தெரிந்துவிடும். இதில் சோனி அருமை. அடுக்களையில் குக்கர் விசில் அடித்தாலும் ஒரு சொல் தவறவில்லை. காருகுறிச்சியாரிடம் குத்தலாக இருந்த அதே துலக்கம் வசனத்தில் வரமாகிவிடுகிறது. யமஹாவில் சென்டர் அளவை ஒன்றிரண்டு டெசிபல் கூட்டினால்தான் அந்தத் தெளிவு வருகிறது.

மாரி செல்வராஜின் பரியேறும் பெருமாள் (2018) வேறு விதமான சோதனை. கருப்பி என்ற நாயைத் தண்டவாளத்தில் கட்டிப்போட்டிருக்கும் அந்தக் காட்சி. ரயில் எங்கிருந்து வருகிறது என்பதைப் படம் காட்டுவதற்கு முன்னால் காது அறிந்துகொள்ள வேண்டும். சோனியில் ரயிலின் பாரம் பெரிதாக வந்து அறையை நிறைத்தது. இரண்டு சப்-ஊஃபர் மாட்டுகிற வசதியுள்ள வீட்டில் இன்னும் நிறையும். யமஹாவில் பாரம் ஒரு பிடி குறைவு. ஆனால் வெட்டவெளி கேட்டது. நெல்லைச் சீமையின் அந்தப் பொட்டல் காட்டுக் காற்று, தூரத்தில் ஒரு சத்தம் கிளம்பி நெருங்கி வருவதற்கு நடுவில் கிடக்கிற இடைவெளி, எல்லாம் இருந்தது. அந்தக் காட்சிக்கு எது முக்கியம் என்று கேட்டால், எனக்கு அந்த இடைவெளிதான். ரயில் வந்து சேர்வதற்கு முன்னாலேயே வயிற்றைப் பிசைவது அதுதான்.

யமஹா 1887-ல் ரீட் ஆர்கன் செய்யத் தொடங்கிய வாத்தியக் கம்பெனி. முத்திரையிலேயே மூன்று இசைக்கவைகள். சோனி 1946-ல் பிறந்த எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி. இந்தப் பிறப்புகள் பெட்டிக்குள் எங்கே இருக்கின்றன என்று கேட்டால், ரிமோட்டில் இருக்கும் ஒலிக்கள வரிசையைக் காட்டுவேன். உலகத்தின் நிஜமான கச்சேரி மண்டபங்களுக்குப் போய் எதிரொலியை அளந்து, அதைப் பெட்டிக்குள் கொண்டுவரும் வேலையை யமஹா 1986-லேயே ஒரு கருவியாக வெளியிட்டுவிட்டது. அதன் வழித்தோன்றல்கள் இந்தச் சின்ன ரிசீவரிலும் இருக்கின்றன. வியன்னா மண்டபம், மியூனிக் மண்டபம் என்றெல்லாம் பெயர். நாதஸ்வரத்தை வியன்னாவில் வாசிக்க வைப்பதில் எனக்கு ஒப்புதல் இல்லை. அது திறந்த வெளிக்கும் கல் பிராகாரத்துக்கும் ஆன வாத்தியம். ஆனால் மோனோ மூவி என்று ஒன்று இருக்கிறது. பழைய படங்களுக்காகவே செய்தது. கருப்பு-வெள்ளைப் படங்களுக்கு அதைப் போட்டால், நடுவில் ஒரே புள்ளியில் ஒடுங்கிக் கிடந்த சத்தம் கொஞ்சம் காலை நீட்டி உட்காருகிறது. திருநெல்வேலி வானொலி நிலையம் தொடங்கிய 1963 முதல் பல தலைமுறைக் காதுகள் ஒற்றை ஸ்பீக்கரிலேயே இசை கேட்டு வளர்ந்த ஊரில், மோனோவை மதிக்கிற ஒரு பெட்டிக்கு நான் தனி மதிப்பெண் கொடுப்பேன்.

மற்ற விஷயங்களில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முதன்முதலாக மாட்டி ஓட்டுவதற்கு சோனி எளிது. டி.வி. திரையிலேயே படிப்படியாகக் கேட்டுக் கேட்டு முடித்துவிடும். யமஹாவின் மெனு பொறுமை கேட்கும். இரண்டும் சூடாகும். மேலே நாலு விரல்கடையாவது காலியாக விட வேண்டும், அழகுக்காகத் துணி போட்டு மூடக்கூடாது. கோடையில் வோல்டேஜ் ஏறி இறங்குகிற தெருக்களில் ஸ்டெபிலைசர் இல்லாமல் எதையும் ஓட்ட வேண்டாம்.

பிள்ளைகள் இருக்கிற வீடு, பெரிய கூடம், வாரத்துக்கு மூன்று படம் என்றால் சோனியைத் தயங்காமல் வாங்கலாம். ஜமுக்காளம் மட்டும் மறக்க வேண்டாம். இரவு எல்லாரும் தூங்கின பிறகு சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு ஒரு ஆலாபனையை முழுதாகக் கேட்கிற பழக்கம் இருந்தால் யமஹாதான். என் பட்டாசலில் அதுவே இருக்கிறது, இனியும் இருக்கும். எதை வாங்கினாலும் கடைக்குப் போகும்போது உங்களுக்கு மனப்பாடமான ஒரு பதிவைச் செல்போனில் கொண்டுபோங்கள். ஒலிக்கள வித்தைகளையெல்லாம் அணைக்கச் சொல்லுங்கள். யமஹாவில் டைரக்ட் என்றும், சோனியில் பியூர் டைரக்ட் என்றும் அதற்குப் பொத்தான் உண்டு. ஹெலிகாப்டரை நிறுத்தச் சொல்லிவிட்டு ஒரு தவில் தனியையும், அதன் பின்னால் ஒரு குரலையும் முழுதாகக் கேளுங்கள். கடைக்காரர் அவசரப்படுத்தினால் வேறு கடைக்குப் போங்கள். வண்ணாரப்பேட்டையிலும் ஜங்ஷனிலும் கடைகளுக்கா பஞ்சம்?